மருந்தில்லாமல் சிகரெட்டை நிறுத்துவது: பேக்கரி பெஞ்சில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

கோவையில் லேத் பட்டறை வேலை எனக்கு. 17 வருஷம் புகைத்தேன், கடைசிக் காலத்தில் நாளுக்கு 14, 15. நிறுத்தி 7 வருஷம் ஆகிறது, அதுவும் ஐந்தாவது தடவையில்தான் நின்றது. எங்கள் ஊரில் டீக்கடை என்றால் பேக்கரிதான், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கையில் தம் இல்லாமல் டீ குடிக்கிற ஆள் என்பதாலேயே ஆளாளுக்கு வந்து சந்தேகம் கேட்பார்கள். ஒரே பதிலை எத்தனை தடவை சொல்வது என்று எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. நான் டாக்டர் இல்லை; படித்ததும் பட்டதும் மட்டும்தான் இதில் இருக்கிறது.

"மருந்து மாத்திரை, நிகோடின் சூயிங்கம்னு எதுவுமே இல்லாம நிறுத்த முடியுமாண்ணா? நெஜமா சொல்லுங்க."

முடியும். நம் நாட்டில் புகையை விட்டவர்களில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள். ஒரு நாள் பீடிக்கட்டைத் தூக்கிச் சாக்கடையில் வீசிய உங்கள் தாத்தா எந்த மாத்திரையும் தின்றிருக்க மாட்டார்.

ஆனால் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்த உதவியும் இல்லாமல் நிறுத்துகிற 100 பேரில், ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துப் பார்த்தால் தொடாமல் இருப்பவர்கள் 3 முதல் 5 பேர்தான். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பேட்ச் மாதிரி எதையாவது சேர்த்துக்கொண்டால் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காகிறது. எனவே மருந்து வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை, எனக்கு அப்போது அப்படி ஒன்று இருப்பதே சரியாகத் தெரியாது, அவ்வளவுதான். அந்த 3 முதல் 5 என்பதும் ஒரே ஒரு முயற்சிக்கான கணக்கு. நான் நாலு தடவை மீதி 95 பேரில் இருந்தவன்.

"திடீர்னு நிறுத்தினா உடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுமாமே? எங்க வீதியில ஒருத்தர் நிறுத்தின மூணாவது மாசம் அட்டாக்ல போயிட்டாரு."

இந்தக் கதை இல்லாத வீதியே இல்லை. அவர் எதற்காக நிறுத்தினார் என்று கேட்டுப் பாருங்கள். நெஞ்சு வலித்திருக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியிருக்கும், டாக்டர் திட்டியிருப்பார். ஏற்கெனவே இதயம் கெட்டுப் போனதால் நிறுத்தியவர் அவர். பழி மட்டும் கடைசியாகச் செய்த நல்ல காரியத்தின் மேல் விழுந்துவிட்டது. உண்மையில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் நிறுத்திய ஒரு வருஷத்துக்குள் சுமார் பாதியாகக் குறைகிறது.

நிகோடினைத் திடீரென்று விடுவது எரிச்சலாக இருக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. சாராயம் அப்படி இல்லை. தினமும் நிறையக் குடிக்கிறவர் குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். ரெண்டையும் ஒரே நாளில் விடப் போகிறேன் என்று கிளம்புகிற தினக்குடிகாரர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

"ஒரே அடியா நிறுத்தறதா, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறதா?"

இங்கிலாந்தில் 697 பேரை வைத்து இதையே சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேர் குறித்த நாளில் சட்டென்று நிறுத்தினார்கள், மறு பாதிப் பேர் ரெண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள். நாலு வாரம் கழித்துச் சட்டென்று நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் தாக்குப் பிடித்திருந்தார்கள், குறைத்தவர்களில் 39. ஆறு மாதத்தில் அது 22, 15.5 என்று ஆனது. ரெண்டு குழுவுக்கும் நிகோடின் பேட்ச் முதலியவையும் ஆலோசனையும் கிடைத்தன, அதனால் இந்த எண்களை மேலே சொன்ன 3 முதல் 5 சதவீதத்தோடு ஒப்பிடாதீர்கள். எது தேவலை என்பதற்கு மட்டும் இது பதில்.

என் அனுபவமும் அதேதான். ரெண்டாவது முயற்சியில் 14இல் இருந்து 4க்கு இறக்கினேன். அந்த நாலும் தங்கமாகிவிட்டன! அடுத்தது எப்போது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாள் போனது. 14 அடித்தபோது கூட நான் சிகரெட்டை அவ்வளவு நினைத்ததில்லை.

"எத்தனை நாளைக்கு இந்தக் கஷ்டம்? கரெக்டா சொல்லுங்க, மனசைத் தயார் பண்ணிக்கறேன்."

ரத்தத்தில் இருக்கும் நிகோடின் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகிறது. மூணு நாளில் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். புகையோடு உள்ளே போன கார்பன் மோனாக்சைடு ஒன்றிரண்டு நாளிலேயே இறங்கிவிடும். கஷ்டம் உச்சத்தில் இருப்பதும் இந்த முதல் ரெண்டு மூணு நாள்தான்: கோபம், கவனம் நிற்காமை, பசி, நடுராத்திரி விழிப்பு, காரணமில்லாத ஒரு துக்கம். முதல் வாரம் தாண்டினால் இறங்குமுகம், ரெண்டு முதல் நாலு வாரத்தில் உடம்பு சம்பந்தப்பட்டது பெரும்பாலும் அடங்கிவிடும்.

என் மூணாவது நாளைச் சொல்கிறேன். ஒரு ஷாஃப்டில் அரை மில்லி கூடக் கடைந்து ஸ்கிராப் ஆக்கினேன், அதற்காக ஹெல்பர் பையனைத் திட்டினேன், சாயங்காலம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். முடிந்தால் அந்த மூணு நாளை லீவு நாளோடு சேர்த்து வையுங்கள், மைக்ரோமீட்டர் பிடிக்கிற வேலை வேண்டாம்.

"ஆசை வந்தா தலையே வெடிக்குது. அந்த நேரத்துல என்னதான் பண்றது?"

ஒரு அலை மூணு, மிஞ்சினால் அஞ்சு நிமிஷம்தான் இருக்கும். நம்ப மாட்டீர்கள், போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன். அதை அடக்கி ஒழிக்க வேண்டியதில்லை, வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தால் போகும். புகைத்தால்தான் போகும் என்று மூளை சொல்லும், ஆனால் புகைக்காவிட்டாலும் அது போகிறது, கொஞ்சம் பொறுத்தால் நீங்களே பார்ப்பீர்கள்.

அந்த அஞ்சு நிமிஷத்துக்குக் கைக்கும் வாய்க்கும் வேலை கொடுங்கள். சட்டைப் பையில் சிகரெட் இருந்த இடத்தில் சோம்பும் கிராம்பும் சின்ன டப்பாவில் வைத்திருந்தேன். ஒரு சொம்பு தண்ணீர், ஒரு கடலை மிட்டாய், பட்டறையைச் சுற்றி ஒரு நடை. உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட நெல்லிக்காய் எனக்கு ரொம்ப உதவியது, ஏன் என்று தெரியவில்லை.

"டீ குடிச்சா கை தானா தேடுது. டீயையும் விட்டுடணுமா?"

விட வேண்டாம், குறையுங்கள். இதில் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. சிகரெட் புகையில் இருக்கும் தார்ப்பொருள்கள் ஈரலில் ஒரு நொதியை முடுக்கி விடுகின்றன, அது காபி டீயில் உள்ள காஃபினை வேகமாகக் கரைத்துத் தள்ளிவிடும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் சில நாளிலேயே குறைகிறது. அதே ஆறு டீ குடித்தாலும் ரத்தத்தில் காஃபின் முன்பைவிட அதிகமாகத் தங்குகிறது. கை நடுக்கம், படபடப்பு, ராத்திரி தூக்கமின்மை எல்லாம் வர, நிகோடின் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துத் திரும்ப ஒன்றைப் பற்ற வைத்துவிடுகிறோம். பாதியாகக் குறைத்துப் பாருங்கள், படபடப்பில் ஒரு பங்கு அப்படியே போய்விடும்.

இன்னொன்று, இடத்தை மாற்றுங்கள். நான் ஒரு மாதம் அந்தப் பேக்கரிக்கே போகவில்லை, பட்டறைக்கு டீ பார்சல் வாங்கி வரச் சொன்னேன். பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்று நெருப்பின் வாசனையைக்கூட அந்த மாதம் தாங்க முடியாது.

"இதைக் கேக்கவே கூச்சமா இருக்குதுங்க... காலைல ஒண்ணு அடிக்காம எனக்கு வெளிக்கே வராது."

கூச்சமே வேண்டாம், இதுதான் அதிகம் பேர் கேட்ட கேள்வி, எல்லோரும் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்டார்கள். நிகோடின் குடலை முடுக்கி விடும், அது உண்மை. நிறுத்தியதும் சில வாரம் மலச்சிக்கல் வருவது சகஜம். எழுந்ததும் ரெண்டு டம்ளர் வெந்நீர், ராத்திரி ரெண்டு பூவன்பழம், சாப்பாட்டில் கீரை. பத்துப் பதினைந்து நாளில் குடல் தானாகவே நேரத்தைப் பழகிக்கொண்டது எனக்கு. சிகரெட் கண்டுபிடிக்கும் முன்னாலும் மனுஷன் காலையில் போய்க்கொண்டுதான் இருந்தான்.

"நிறுத்தின பிறகுதான் இருமல் அதிகமாச்சு. அடிச்சப்பவே நல்லா இருந்தேன்!"

மூச்சுக்குழாயின் உள்ளே நுண்ணிய மயிர்கள் மாதிரி இருக்கின்றன, சளியையும் தூசியையும் மேலே தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. புகை அவற்றை மயக்கிப் படுக்க வைத்திருந்தது. இப்போது எழுந்து வேலை செய்கின்றன, இத்தனை வருஷக் குப்பை வெளியே வருகிறது. சில வாரம் இப்படி இருக்கலாம். ஆனால் சளியில் ரத்தம் கண்டாலோ, ஒரு மாதம் தாண்டியும் இருமல் குறையாவிட்டாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ உடனே டாக்டரிடம் போங்கள். நம் ஊரில் காசநோயும் இருக்கிறது, எல்லா இருமலையும் இந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

"உடம்பு போட்டுடுமுங்களா?"

பெரும்பாலும் போடும். மருந்தில்லாமல் நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடுகிறது, அதில் பெரும்பகுதி முதல் மூணு மாதத்தில். ஆறில் ஒருவருக்கு எடை குறைந்தும் இருக்கிறது. எனக்கு 6 கிலோ ஏறியது, முக்கியக் காரணம் மேலே சொன்ன கடலை மிட்டாய். முதல் மூணு மாதம் எடையோடு சண்டை போடாதீர்கள், ஒரே நேரத்தில் ரெண்டு எதிரியை வைத்துக்கொண்டால் ரெண்டுமே ஜெயித்துவிடும்.

"மாலை போட்டா ஒரு மண்டலம் தொடவே மாட்டேன், கஷ்டமே இருக்காது. மத்த நேரம் ஒரு நாள்கூட முடியலையே, ஏனுங்கண்ணா?"

இத்தனை கேள்வியில் எனக்கு உபயோகப்பட்ட கேள்வி இதுதான், இதை நானே என்னைக் கேட்டுக்கொண்டதால்தான் ஐந்தாவது தடவை நின்றது என்று நினைக்கிறேன். நானும் நாலு வருஷம் மலைக்குப் போயிருக்கிறேன். மாலை கழுத்தில் ஏறியதும் சிகரெட் நினைப்பு குறைந்துவிடும். அதே உடம்பு, அதே நிகோடின் பழக்கம். நிகோடின் மட்டும்தான் காரணம் என்றால் அந்த மண்டலத்தின் முதல் மூணு நாள் நாம் பைத்தியம் பிடித்து அலைய வேண்டும், அப்படி யாரும் அலைவதில்லை.

யோசித்துப் பார்த்தால், மாலை போட்டவனுக்கு முடிவெடுக்கிற வேலையே இல்லை. அடிக்கலாமா, பாதி அடிக்கலாமா, சாப்பாட்டுக்குப் பிறகு மட்டுமா என்ற பேரமே மனசுக்குள் எழுவதில்லை. கூட்டாளிகள் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள், யாரும் ஒன்றை நீட்டுவதில்லை, வீட்டில் சமையல் மாறுகிறது, விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறோம், முழு நாளின் வரிசையே வேறு. கதவு சாத்தியிருக்கிறது என்று மூளைக்குத் தெரிந்தால் அது தட்டுவதில்லை. இஸ்ரேலில் புகைக்கும் விமானப் பணியாளர்களிடம் செய்த ஒரு ஆய்வு 2010இல் வெளியானது. குறுகிய பயணத்திலும் சரி, நீண்ட பயணத்திலும் சரி, ஆசை உச்சத்துக்கு ஏறியது விமானம் இறங்கப் போகும் நேரத்தில். கடைசியாகப் புகைத்து எத்தனை மணி நேரம் ஆனது என்பதைவிட, எப்போது புகைக்கக் கிடைக்கும் என்பதுதான் ஆசையை ஏற்றி இறக்கியது. ரம்ஜான் நோன்பு பிடிக்கும் நண்பரும் இதையே சொன்னார்: மதியம் ஒன்றுமில்லை, பாங்கு சொல்வதற்கு அரை மணி நேரம் முன்னால் இருந்துதான் கை தேடும் என்று.

மாலையில் ஒரு ஓட்டையும் இருக்கிறது, கழற்றும் தேதி தெரியும். கடைசி ரெண்டு நாளில் ஆசை கிளம்புவதும், கழற்றிய அன்றே பெட்டிக்கடை முன்னால் நிற்பதும் அதனால்தான். நான் செய்தது, கழற்றும் தேதியை எடுத்துவிட்டேன். இன்றைக்கு அடிக்கலாமா என்ற கேள்வியை மனசுக்குள் விவாதத்துக்கே எடுப்பதில்லை என்று ஒரு தடவை முடிவு செய்தேன். கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் இதைச் செய்யலாம், கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டவரைப் பார்த்திருக்கிறேன், அவருக்கு அது போதுமாக இருந்தது.

"ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும்? அது பெருசா ஒண்ணும் பண்ணாதில்ல?"

பண்ணும். 20 அடிப்பதற்குப் பதில் 1 அடித்தால் ஆபத்து இருபதில் ஒரு பங்காகும் என்றுதான் நாம் கணக்குப் போடுகிறோம். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2018இல் வெளியான ஒரு கணக்கில், நாளுக்கு ஒன்று மட்டும் புகைப்பவருக்கும் 20 புகைப்பவருக்குக் கூடும் இதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருந்தது. தவிர, அந்த ஒன்றுதான் கதவைத் திறந்து வைக்கிறது. நாள் முழுக்க அந்த ஒன்றுக்காகக் காத்திருப்பீர்கள், என் நாலு சிகரெட் கதைதான்.

"பீடிக்கு மாறிட்டா? இல்லைன்னா லைட் சிகரெட்? வேப்?"

பீடி இலையில் காற்று புகாது, அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், அதனால் புகையும் கார்பன் மோனாக்சைடும் குறைவதில்லை, கூடுகின்றன. லைட் என்று எழுதியிருந்த சிகரெட்டின் ஃபில்டரில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மெஷினில் அளக்கும்போது அதன் வழியாகக் காற்று கலந்து அளவைக் குறைத்துக் காட்டும், நம் விரலும் உதடும் அந்த ஓட்டையை மூடிவிடும், போதாததற்கு ஆழமாகவும் இழுப்போம். வேப்பை இந்தியாவில் விற்பதற்கே 2019இல் இருந்து தடை. வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறினவரும் ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் நான் வாய்ப் புற்றுநோய் வார்டைப் பற்றி மட்டும் பேசுவேன்.

"வீட்ல, பிரெண்ட்ஸ்கிட்ட சொல்லிட்டு நிறுத்தறதா? சொல்லித் தோத்துட்டா மானம் போயிடுமே."

சொல்லுங்கள், ஆனால் எல்லோருக்கும் வேண்டாம். ஊரெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டால் அன்றைக்கே கைதட்டு கிடைத்துவிடுகிறது, செய்து முடித்த திருப்தியும் வந்துவிடுகிறது. உங்களுக்குத் தினமும் சிகரெட் நீட்டுகிற அந்த ரெண்டு மூணு பேரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். "எனக்கு நீட்டாதே, நான் கேட்டாலும் கொடுக்காதே" என்று. என் கூட்டாளி ஒருத்தன் நான் கெஞ்சியும் தரவில்லை, அன்றைக்கு அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். மானம் போவதைப் பற்றி: நாலு தடவை தோற்றவனிடம்தான் இத்தனை பேர் வந்து சந்தேகம் கேட்கிறார்கள்.

"எங்கூட்டுக்காரரு நிறுத்தறேன்னு சொல்லியிருக்காரு. நான் என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாதுங்க?"

சட்டைப் பையை மோந்து பார்க்காதீர்கள் தங்கச்சி. அதுதான் முதல். முதல் வாரம் அவர் சிடுசிடுப்பார், அது உங்கள் மேல் கோபம் இல்லை என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும், பதில் சண்டையை அடுத்த மாதத்துக்கு ஒத்தி வையுங்கள். சாப்பிட்டு முடித்த உடனே ஏதாவது வேலை சொல்லுங்கள், அந்தப் பத்து நிமிஷம்தான் மோசமானது. வெற்றிலையில் புகையிலை இல்லாமல் மடித்துக் கொடுக்கலாம் என்று ஒரு பாட்டி சொன்னார், பாக்கும் புற்றுநோய் தருவதுதான் என்பதால் அது வேண்டாம், சோம்பு போதும். வழுக்கிவிட்டால் "எனக்குத் தெரியும், உங்களால முடியாதுன்னு" என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். என் மூணாவது முயற்சி அந்த வாக்கியத்தில்தான் செத்தது, சொன்னது என் அம்மா.

"21 நாள் தாக்குப் புடிச்சேன், நேத்து கல்யாணத்துல ஒண்ணு அடிச்சுட்டேன். எல்லாம் போச்சா?"

எல்லாம் போகவில்லை, போகப் போவது அடுத்த சிகரெட்டில்தான். ஒன்றை அடித்துவிட்டு "சரி, கெட்டது கெட்டாச்சு" என்று மனசு சொல்லும் பாருங்கள், அந்த வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கிறது. 21 நாளில் உடம்பு செய்த வேலை ஒரு சிகரெட்டில் அழிந்துவிடாது. ஆனால் "ஒன்று அடித்தும் ஒன்றும் ஆகவில்லையே, அப்போ எப்பவாவது அடிக்கலாம் போல" என்ற நினைப்பும் அதே அளவு மோசம். எனக்கு ரெண்டாவது வகைதான் ஆபத்தாக இருந்தது. அடுத்த கல்யாணம், அடுத்த தீபாவளி, பிறகு ஒரு சனிக்கிழமை, பிறகு பாக்கெட்.

எப்படி நடந்தது என்பதை மட்டும் எழுதி வையுங்கள்: யார் நீட்டினார், எத்தனை மணி, என்ன குடித்திருந்தீர்கள். கடைசிக் கேள்விக்குத் தலையைக் குனிந்துகொள்வீர்கள் என்று தெரியும், அதனால் அடுத்தது.

"சரக்கு உள்ள போனா எந்த வைராக்கியமும் நிக்கறதில்லையே?"

நிற்காது. என் முதல் மூணு தோல்வியில் ரெண்டு, சரக்கு கிளாஸ் பக்கத்தில் இருந்தபோதுதான் நடந்தது. முதல் ஒரு மாதம், முடிந்தால் ரெண்டு மாதம், குடிக்கிற இடத்துக்கே போகாதீர்கள். எப்போதாவது குடிப்பவருக்கு இது சுலபம். தினமும் குடிப்பவர் என்றால், மேலே வலிப்பைப் பற்றிச் சொன்னதை இன்னொரு தடவை படித்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.

"நான் மாத்திரை சாப்பிடற ஆளு. சிகரெட்டை நிறுத்தினா மாத்திரையில ஏதாச்சும் மாத்தணுமுங்களா?"

நல்ல கேள்வி, கேட்டது ஒரே ஒருத்தர்தான், ஆனால் இன்னும் பலர் கேட்டிருக்க வேண்டும். காஃபினைக் கரைக்கும் ஈரல் நொதியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதே நொதிதான் சில மருந்துகளையும் கரைக்கிறது. மனநல சிகிச்சையில் தரும் ஓலன்சபின், குளோசபின், மூச்சிரைப்புக்குத் தரும் தியோபிலின் இதில் முக்கியமானவை. புகையை நிறுத்தினால் இவை ரத்தத்தில் அதிகமாகத் தங்கும், அளவைக் குறைக்க வேண்டி வரலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சுகர் இருப்பவர், குறிப்பாக இன்சுலின் போடுபவர், முதல் சில வாரம் அடிக்கடி சுகர் பாருங்கள். நீங்களாக எதையும் கூட்டிக் குறைக்காதீர்கள், "இன்ன தேதியில் நிறுத்தப் போகிறேன்" என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார்.

முன்பு மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர்களும் அப்படியே. நிறுத்தியவர்களுக்குச் சில வாரம் கழித்து மனசு முன்பைவிடத் தெளிவதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அந்த முதல் வாரங்களில் துக்கம் பிடித்து ஆட்டினால் தனியாகத் தாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

"எனக்கு 58 ஆச்சு தம்பி. 40 வருஷப் பழக்கம். இனி நிறுத்தி என்ன ஆகப் போவுது?"

பிரிட்டனில் டாக்டர்களையே 50 வருஷம் தொடர்ந்து கணக்கெடுத்து 2004இல் வெளியிட்டார்கள். 30 வயதில் நிறுத்தியவர்களுக்குச் சுமார் 10 வருஷ ஆயுள் மிச்சமானது, 40இல் 9, 50இல் 6, 60 வயதில் நிறுத்தியவர்களுக்கும் 3 வருஷம். 3 வருஷம் என்றால் பேத்தி பள்ளிக்கூடம் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் காலம் ஐயா. மாடிப்படி மூச்சிரைப்பு குறைவதற்கு அவ்வளவு காத்திருக்கவும் வேண்டாம், அது சில மாதத்திலேயே தெரியும்.

"நாலஞ்சு தடவை தோத்தாச்சு. இப்பவும் மருந்து இல்லாமதான் முயற்சி பண்ணணுமா?"

வேண்டாம். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் கட்டாயம் வேண்டும் என்கிற ஆளாக இருந்தால் பழக்கம் ஆழமாக இருக்கிறது என்று அர்த்தம், அவர்கள் உதவி கேட்பதில் ஒரு அவமானமும் இல்லை. முதல் கேள்வியில் சொன்ன ஒன்றரை மடங்கை யாரும் சும்மா விட வேண்டாம். சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஒரு இலவச எண் அச்சடித்திருக்கும், அந்தப் படத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நாம் எண்ணையும் பார்ப்பதில்லை. மருந்து கேட்காமல் பேச மட்டும்கூட அதில் கூப்பிடலாம். மருந்து எடுத்தாலும் மாலைக் கணக்கு பொருந்தும், கதவை நீங்கள்தான் சாத்த வேண்டும்.

"கனவுல தம் அடிக்கறேண்ணா, முழிச்சுப் பார்த்தா குத்த உணர்ச்சியா இருக்குது. நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு."

பலருக்கும் வரும். பயந்து எழுந்தீர்கள் என்றால் நல்ல சகுனம், உள்மனசும் நிறுத்திவிட்டது என்று அர்த்தம். போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள்.

"இத்தனை பேசறீங்களே, உங்களுக்கு இப்ப ஆசையே வராதா?"

வரும், வருஷத்துக்கு நாலைந்து தடவை. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாப்பில் முன்னால் நின்ற பெரியவர் தீக்குச்சியைக் கைக்குள் மறைத்துப் பற்ற வைத்தார், அந்தக் கந்தக வாசனையோடு முதல் இழுப்பின் புகை வந்து முகத்தில் பட்டதும் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. 7 வருஷம் கழித்து! போனை எடுத்து ஸ்டாப்வாட்ச் போட்டேன். ரெண்டு நிமிஷம் ஓடியிருக்கும், காந்திபுரம் பஸ் வந்துவிட்டது.